சிங்கத்துக்கு வீடு கட்டும் பிள்ளைகள்: கேள்வி – பதில்

கே: மகன் தரம் 7. மாமா வீட்டுக் கம்பியூட்டரில் 'பிளானட் சூ' விளையாடி, லீவு முழுக்க மிருகக்காட்சிசாலை கட்டுகிறான். கணக்கில் 35 புள்ளி. இதால் என்ன பிரயோசனம்?
(ஒரு தாய், லிந்துலை)

ப: நுழைவுச்சீட்டு என்ன விலை, தீனிக்கு எவ்வளவு, பராமரிப்பாளர் சம்பளம் போகக் கையில் என்ன மிச்சம் என்று கேட்டுப் பாருங்கள், ஒப்புவிப்பான். அதே கழித்தலைப் பாடப்புத்தகம் தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கேட்டால் தூங்கிவிடுகிறான். தொட்டியின் பிழை.

கே: காசு எண்ணுவதைத் தவிர?
(அதே தாய், விடுவதாக இல்லை)

ப: ஒரு உயிருக்கு என்னென்ன வேண்டும் என்று பார்க்கப் பழகுகிறான். பனிச்சிறுத்தையைச் சூட்டில் விட்டால் வாடும். கூட்டமாக வாழ்வதைத் தனியே போட்டால் சோரும். ஒளிய மறைவில்லாமல் ஆட்கள் பார்த்துக்கொண்டே நின்றால் பதறும். ஒரே தாய்க் குட்டிகள் இணைந்தால் பரம்பரை கெடும். கவனிக்காமல் விட்டால் பதாகையோடு ஆர்ப்பாட்டக்காரர் வந்துவிடுவார்கள். ஓய்வறை இல்லாவிட்டால் பராமரிப்பாளர் வேலையை விட்டே போவார். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2021 மார்ச் வரை கத்திய தோட்டக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் சட்டென்று விளங்கும்.

கே: ஆப்பிரிக்கப் பன்றிக்கு இடம் போதாது என்று கேம் எச்சரிக்கிறது. நம்ம லயக் காம்பரா எத்தனை அடி?
(தரம் 8 மாணவி, டயகம)

ப: பழைய லயம் என்றால் 10க்கு 12. அந்த கேமைச் செய்த கம்பனி இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருக்கிறது. லயம் கட்டிய தோட்டத் துரைமாரும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். இடையில் கொஞ்சம் திருந்தியிருக்கிறார்கள், பன்றி விசயத்திலாவது.

கே: எங்களிடம் போன் மட்டும்தான். மைன்கிராஃப்டில் கட்டினால் போதாதா?
(பாமஸ்டன்)

ப: வேலி கட்டப் படிக்கலாம். அங்கே மாடு பட்டினி கிடந்தாலும் சாகாது. ஆகவே பராமரிப்பைப் படிக்க முடியாது. வீட்டில் ஆடு இருந்தால் அதுவே நல்ல கேம்.

கே: தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு ஒரு ட்ரிப் கூட்டிப் போனால் முடிந்தது. கேம் எதற்கு?
(ஓர் ஆசிரியர், தலவாக்கலை)

ப: இரண்டும் வேண்டும், சேர். கேமில் கூடு கட்டிய பிள்ளை தெஹிவளையில் செல்ஃபி எடுக்காது; "இதுக்கு நிழல் எங்கே?" என்று கேட்டு உங்களைத் திணறடிக்கும். பதிலுக்குச் சரித்திரம் சொல்லுங்கள்: அதைத் தொடங்கிய ஜோன் ஹாகன்பெக் ஒரு ஜெர்மன்காரர், 1936இல் அரசாங்கம் எடுத்தது. அவருடைய அண்ணன் கார்ல், 1880களில் இலங்கை யானைகளோடு இலங்கை மனிதர்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தவர். இதைப் பாடப்புத்தகத்தில் தேடாதீர்கள்.

கே: என் கேமில் சிறுத்தையைச் சுற்றி வேலி இருக்கிறது. நம்ம மலையில் இல்லையே?
(தரம் 6 மாணவன், மெராயா)

ப: கேமில் சிறுத்தைக்கு இடம் கொடுப்பவன் நீ. இங்கே அது இருந்த காட்டை வெட்டித்தான் தேயிலை நட்டார்கள். மிஞ்சிய காட்டிலிருந்து இறங்கி, தேயிலைக்குள் புகுந்து, இரவில் நாய் பிடித்துப் போகிறது. அதைப் பிடிக்கவென்று பெரும்பாலும் யாரும் சுருக்குக் கம்பி வைப்பதில்லை. மரக்கறிப் பாத்தியைக் காக்க, பன்றிக்குத்தான் சுருக்கு வைக்கிறார்கள். அதில் மாட்டுவது சிறுத்தை. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் அப்படி மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் செத்தது. கருஞ்சிறுத்தை இந்த நாட்டில் மிக அபூர்வம்.

அப்பாமாருக்கு ஒரு வார்த்தை: பாத்தியோரம் கம்பி இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். சிறுத்தை மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.