மலையேரிக்கு மூன்று நாள்

ஃபூஜி மலையடியில் கவாகுச்சி ஏரி என்று தொடங்கிய பேச்சு, விமான டிக்கெட் விலை தெரிந்ததும் கொடைக்கானலில் வந்து நின்றது. இராஜாக்கமங்கலத்தில் பயணத் திட்டம் என்றால் முதலில் முடிவாவது முந்திரிக்கொத்து எவ்வளவு என்பதுதான், தங்குமிடமெல்லாம் அப்புறம். "குளம் பாக்கதுக்கா மக்கா இவ்வளவு தூரம்? நாஞ்சில் நாட்டுல இல்லாத குளமா?" என்றாள் அத்தை. நியாயமான கேள்வி. கொடைக்கானல் ஏரியும் 1863-இல் லெவிஞ்ச் துரை அணை கட்டித் தேக்கிய தண்ணீர்தானே.

கூட்டத்தில் மட்டும் கவாகுச்சியும் கொடைக்கானலும் ஒரே சாதி. 2024 மே மாதம், படமெடுக்க வருபவர்களின் தொல்லை தாங்காமல், ஃபூஜிகவாகுச்சிகோ நகர நிர்வாகம் 20 மீட்டர் நீளத்தில், இரண்டரை மீட்டர் உயரத்தில் கறுப்பு வலை கட்டி ஃபூஜியையே மறைத்தது. அதே மாதம் 7-ஆம் தேதி முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ், உயர் நீதிமன்ற உத்தரவு. அவர்கள் மலைக்குத் திரை போட்டார்கள். நாம் மனிதருக்கு விண்ணப்பப் படிவம் போட்டோம். அவரவர் கைவந்த கலை.

வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாயிற்று. இருக்கை ஏழு. பெயர் கொடுத்திருப்பவர்கள் பதினொருவர். மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னும் கேட்கவில்லை.