நாற்பது தலைகளும் ஒரு சாக்பீஸும்

கே: மூன்றாவது படிக்கும் மகன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான். தோளைக் குலுக்குகிறான், ‘க்கும் க்கும்’ என்று கனைக்கிறான். கண் டாக்டரும் தொண்டை டாக்டரும் ஒன்றுமில்லை என்கிறார்கள். பள்ளியில் சேட்டை என்று வெளியே நிறுத்துகிறார்கள். ஒன்றரை வருஷமாக இப்படி.
- ஒரு தாய், பேகம்பூர்

ப: சேட்டை இல்லைம்மா, இதற்கு ‘டிக்’ என்று பெயர். பிள்ளையைக் கேட்காமல் உடம்பு தானாகச் செய்வது. பலவித அசைவுகளும் ஒரு சத்தமாவதும் ஓராண்டுக்கு மேல் வந்து வந்து போனால் அது டூரெட் சிண்ட்ரோமாக இருக்கலாம். 1885-இல் ஒன்பது பேரின் நிலையை வைத்து இதை விவரித்த பிரெஞ்சு டாக்டரின் பெயர்தான் டூரெட். உங்கள் வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். அவன் கனைப்பதை முதலில் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் பல பிள்ளைகளுக்கு டிக் எட்டிப் பார்க்காது.

கே: “சும்மா இரு” என்றால் ஐந்து நிமிஷம் இருக்கிறானே, அப்போ வேணும்னுதானே செய்கிறான்?
- ஓர் ஆசிரியை, பேகம்பூர்

ப: தும்மலையும் கொஞ்ச நேரம் அடக்கலாம் டீச்சர். அந்த ஐந்து நிமிஷமும் அவன் பாடத்தைக் கேட்கவில்லை, தன் தொண்டைக்குக் காவல் நிற்கிறான். பகலெல்லாம் அடக்கியது வீட்டு வாசலை மிதித்ததும் கொட்டும். பதற்றத்தில் டிக் கூடும். அதட்டினால் உங்கள் பாடத்துக்கே இடைஞ்சல்.

ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பலகையில் பின்னக் கணக்கு. டிக் உள்ள ஒரு பையன் ‘க்கும்’ என்றான். நாற்பது தலைகளும் நிமிர்ந்தன. அவனைப் பார்க்க அல்ல, டீச்சர் முகத்தைப் பார்க்க. சாக்பீஸ் நிற்கவில்லை. தலைகள் நோட்டுக்குத் திரும்பிவிட்டன. அன்று அந்தப் பையனும் கணக்கை முடித்தான்.

உங்கள் மாணவனோடு தனியாக ஒரு சைகை பேசி வையுங்கள். தாங்க முடியாதபோது அதைக் காட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே போய்வரட்டும். மற்ற பிள்ளைகளிடம் சொல்வதென்றால் அவனையும் பெற்றோரையும் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

கே: முதல் பெஞ்சா, கடைசி பெஞ்சா?
- அதே ஆசிரியை

ப: கதவோரம். முதல் பெஞ்சில் அவன் முதுகில் நாற்பது ஜோடிக் கண்கள்.

கே: கெட்ட வார்த்தை பேசுவாங்களாமே?
- ஒரு பெரியவர், திண்டுக்கல்

ப: பத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர். அவர்களும் விரும்பிப் பேசுவதில்லை ஐயா.

கே: பரீட்சை ஹாலில் என் பையன் என்ன செய்வான்?
- ஓர் அத்தா, பேகம்பூர்

ப: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூடுதல் நேரம், எழுத ஆள் இரண்டையும் சொல்கிறது. சட்டப் பட்டியலில் டூரெட் என்ற பெயர் இல்லை. நாள்பட்ட நரம்பு மண்டலப் பாதிப்புகள் உண்டு. டாக்டர் சான்றோடு தலைமை ஆசிரியரை இப்போதே பாருங்கள், பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். தனி அறையும் கேளுங்கள்.

கே: ஓதி ஊதினால் சரியாகுமா?
- ஒரு பாட்டி, பேகம்பூர்

ப: உங்கள் துஆ பேரனுக்கு என்றும் வேண்டும். டாக்டரும் வேண்டும்.

கே: வளர்ந்து என்ன ஆவான்?
- அதே பாட்டி

ப: பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சம், பிறகு பெரும்பாலோருக்குக் குறையும். குறையாவிட்டாலும் என்ன? அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்னாள் கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கு டூரெட். 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியம் அடித்த பந்துகளில் பதினைந்துக்குக் குறையாமல் தடுத்தார்.

கே: என் ஃப்ரெண்டுக்கு இது இருக்கு. நான் என்ன செய்யணும்?
- ஏழாம் வகுப்பு மாணவன், பேகம்பூர்

ப: சாயங்காலம் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடு தம்பி. தோள் குலுங்கி முடிந்ததும் பந்தைப் போடு.