பின்னால் தொங்குது சார்!

கோவையிலிருந்து ஓர் ஆக்டேவியாக்காரர்: என்னுடையது 2004 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. வேறு காரின் பின் ஸ்பிரிங்கை மாட்டலாமா?

மாட்டலாம், சொந்தபந்தத்தில் மட்டும் எடுங்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 4, முதல் தலைமுறை ஆடி ஏ3 இரண்டும் உங்கள் காருக்குப் பங்காளிகள், அடித்தளம் ஒன்றுதான். முன்சக்கர இயக்க வண்டிகளில் பின்னால் ஒரே வகை ஆக்சில். காயில் ஸ்பிரிங் ஓரிடத்தில், ஷாக் அப்சார்பர் வேறிடத்தில். ஆகவே காயில் உட்கார்ந்துவிடும். நான்கு சக்கர இயக்க ஆக்டேவியாவின் காயில் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் பின் ஆக்சிலே வேறு.

உட்கார்ந்தால் போதுமா? எடைக்கு ஒத்துவர வேண்டுமே! ஒரே மாடலுக்குத் தொழிற்சாலையே பல விறைப்புகளில் காயில் செய்கிறது. அதில் வைத்திருக்கும் வண்ணப் பொட்டுகள்தான் எந்த எடைக்கு எது என்று சொல்லும். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் பொட்டு அழிந்த காயிலை எடுத்துக்காட்டி, “இதேதான் சார்” என்று கடைக்காரர் சத்தியம் செய்தால், சத்தியத்தை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். எஸ்டேட் மாடலின் காயிலைப் போட்டால் பின்பக்கம் நிமிரும்தான். நீங்கள் தனியாக ஓட்டும்போது குதிக்கவும் செய்யும்.

இதற்கெல்லாம் முன்னால், ஏன் தாழ்ந்தது என்று பாருங்கள். இருபது வயது தாண்டிய காயிலில் அடிச்சுற்று துருப்பிடித்து உடைந்திருப்பது சகஜம். ரப்பர் மெத்தையும் நைந்திருக்கலாம். டிக்கியைக் காலி செய்து, சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு விளிம்பு வரை இரு பக்கமும் டேப் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அங்கே உடைசல் தேடுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சேலம் வாசகர்: ஷாக் அப்சார்பரை மாற்றினாலே உயரம் வந்துவிடும் என்கிறாரே எங்கள் மெக்கானிக்?

உயரம் வருகிறதோ இல்லையோ, பில் வரும். எடையைத் தாங்குவது காயில். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்.

மதுரை வாசகர்: காயில் கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது?

நிறைய ஆகும். விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் மாறாமல், 12 மி.மீ. கம்பி 13 ஆனால் விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். முதலில் கண்டுபிடிப்பது உங்கள் முதுகுதான்.

திருச்சி ரசிகர்: எனக்குத் தாழ்ந்திருந்தால்தான் அழகு. ஒரு சுற்றை வெட்டிவிடலாமா?

கேஸ் கட்டரோடு யாராவது வந்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். ஆறு சுற்றில் ஒன்று போனால் நீளம் குறையும், விறைப்போ 20 சதவீதம் ஏறும். போதாததற்கு, இந்த ஆக்சிலில் காயில் சும்மா நடுவில் நிற்கிறது. குட்டையாகிவிட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் இடம் பெயர்ந்துவிடும். தாழ்த்தியே தீர வேண்டுமா? ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் அதற்கென்றே ஸ்பிரிங் செய்கின்றன. நம்மூர் வேகத்தடையைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி அதன் உயரம் 10 செ.மீ. உங்கள் தெருவில் போட்டவர் அதைப் படித்தாரா என்று விசாரியுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால்?

ரப்பர் கவ்விய சுற்றுகள் வேலை செய்யாது. அவற்றின் அசைவையும் மீதிச் சுற்றுகளே ஏற்க வேண்டும். கல்யாணத்துக்கு ஐந்து பேரையும் பாத்திரத்தையும் ஏற்றிப் போக ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். குடும்பம் நடத்த உதவாது.

குன்னூர் வாசகர்: பின் காயில் விறைத்தால் மலைப்பாதையில் கார் நன்றாகத் திரும்புமாமே?

திரும்பும். முன்சக்கர இயக்கக் கார் வளைவில் வெளியே ஓடப் பார்க்கும். பின்பக்கம் விறைத்தால் அந்தக் குணம் குறையும். ஆனால் மழை ஈரத்தில், வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வீசும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை தடவையும் பயப்படாமல் இருப்பீர்களா?

ஈரோடு மெக்கானிக்: மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

நீங்களே கேட்கிறீர்களே, மகிழ்ச்சி! ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆக்சிலை இறக்கினால் காயில் கையோடு வந்துவிடும். திரும்ப மாட்டியதும் கடைசி முறுக்கைக் காரைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகு போடுங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும்.

வேலூர் வாசகர்: ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?

அதே அளவில் புதுக் காயில் போடுவது பழுதுபார்ப்பு. காரின் அமைப்பையே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தண்டனை 182ஏ பிரிவில்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எத்தனை மாற்றம் செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டால், இந்தப் பத்தியின் பெயரைச் சொல்லாதீர்கள்.