கொட்டையைத் துப்பாதே பேராண்டி

மழைன்னாலே கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நிக்கிறதுதான்னு வளந்த பய நீ. வானம் பாத்த காட்டுக்கு மரக்கன்னு வளக்கப் போறேன்னு வியாசர்பாடி மொட்டை மாடியில நர்சரி போட்டிருக்கியாமே? போடு ராசா, தாத்தன் குறுக்க நிக்கல. 'வறட்சிப் பழங்கள்'னு போர்டு எழுதிட்டு அதுக்குக் கீழ அவகேடோவை வரிசையா அடுக்கியிருக்கியே, அது யாருக்கு? குளிர்ந்த மலையில நிக்கிற மரத்தை அருப்புக்கோட்டைக் கரிசல்ல நட்டா, அது கேக்குற தண்ணிக்கு உங்கப்பன் சம்பளம் பத்தாது.

ஜீவா ஸ்டேஷன்ல இலந்தைப்பழம் வாங்கித் தின்னுட்டுக் கொட்டையைத் தண்டவாளத்துல துப்புறியே, உன் முதலே அதுதான்டா. கொட்டையை உப்புத் தண்ணியில போடு. மெதக்குறதை வீசு, முங்குனதை வச்சுக்கோ. ஓட்டோட ஊணுனா மூணு நாலு வாரம் உன் பொறுமையைச் சோதிக்கும். ஓட்டைப் பக்குவமாத் தட்டி, உள்ள இருக்குற விதையை எடுத்து ஊணு, ஒரு வாரத்துல எட்டிப் பாக்கும். பக்குவமான்னு சொன்னேன். நீ தட்டுனா சட்னிதான் வரும். நாவக்கொட்டை ரோசக்காரன். தின்ன கையோட ஊணணும், நாள் கடத்துனா மொளைக்காது. விளாவை விதையில வளத்தா காய்க்க 15 வருசம்கூட இழுக்கும். அதுக்குத்தான் ஒட்டு.

ஒட்டுன்னதும் ஞாபகம் வருது. சப்போட்டா மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. அதை இங்க தோள்ல தூக்கிச் சுமக்குறது நம்ம காட்டுப் பாலை. ஒட்டுக்கு அடிச்செடி அதுதான். திருவொற்றியூர் கோயில் மகிழமரத்துக்கும் அது பங்காளி. பாலைப்பழமும் தித்திக்கும், ஆனா பேரு மேல உக்காந்தவனுக்கு. உன் ஆபீஸ் மாதிரியேன்னு வையி.

இப்ப நீ கன்னு வளக்குற பிளாஸ்டிக் கவருக்கு வருவோம். இலந்தைக்கு உசுரு ஆணிவேர்ல இருக்கு. நீ வாங்கிக் குவிச்சிருக்குற சின்னக் கவர்ல அது அடியில முட்டிச் சுருண்டுக்கும். நட்ட பொறவும் சுருண்டபடியே கெடக்கும், ஆழத்துல ஈரம் தேடி எறங்காது. மேல பச்சைப்பசேல்னு எலையைக் காட்டி வித்துருவ, வாங்குனவன் அடுத்த கோடையில உன்னைத் தேடுவான். நெலத்துலயே காட்டு இலந்தைக் கொட்டையை ஊணி, தண்டு பென்சில் மொத்தம் வந்ததும் நல்ல ரகத்து மொட்டை எடுத்து அங்கேயே கட்டணும். வேரை யாரும் தொடமாட்டாங்க, அதுபாட்டுக்குக் கீழ போகும். தாத்தன் சொன்னா உனக்கு ஏறாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்குப் போ. கொடுக்காப்புளிக்கே பி.கே.எம். 1-ன்னு ரகம் விட்டவங்க. நம்ம அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல சீத்தாவுக்கு ஏ.பி.கே. 1 இருக்கு. அங்க நின்னு மொட்டுக் கட்டக் கையைப் பழக்கு.

மாடியைப் பழகுற எடமா வச்சுக்கோ. மொட்டெடுக்குற தாய்மரம் நம்ம காட்டுல நிக்கட்டும். நீ விக்க வேண்டியது கன்னு இல்லடா, கத்தி பிடிக்கிற கை. சம்சாரி காட்டுக்கே போயி மொட்டுக் கட்டு. கூலியைக் கட்டுன மொட்டுக்கு வாங்காதே, பொழைச்ச மரத்துக்கு வாங்கு.