செத்தவர் கட்டிய கோயில்

ஷ்வேப்யிதாவில் பாழடைந்த மாதா கோயிலைத் தேடி அலையாதீர்கள். யாங்கோனின் வடக்கு ஓரத்தில் உள்ள அந்த ஊரே 1980களின் கடைசியில்தான் முளைத்தது. பாழடைய அதற்கு இன்னும் வயசாகவில்லை. பழசு வேண்டுமென்றால் நகரைத் தாண்டி, பகோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து தன்லின் போக வேண்டும். நம் பாட்டன்மார் சிரியம் என்று சொன்ன ஊர். எண்ணெய் ஆலையில் தமிழர்கள் கூலிக்கு உழைத்த ஊர்.

அங்கே கூரை போன செங்கல் கோயில் ஒன்றும், எழுத்து தேய்ந்த சில கல்லறைகளும் கிடக்கின்றன. யார் கட்டியது என்று கேட்டால், "போர்த்துக்கீசியர்" என்று பதில் வரும். கொஞ்சம் விவரமானவர், "டி பிரிட்டோ" என்பார்.

ஓரியூரில் தலை கொடுத்த நம் அருளானந்தர் டி பிரிட்டோ இல்லை, இவர் வேறு. பிலிப் டி பிரிட்டோ கப்பலில் எடுபிடிப் பையனாக வந்து, அரக்கான் ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து, அந்த ராஜாவையே ஓரங்கட்டிவிட்டுச் சிரியத்துக்குத் தானே ராஜாவானவர். 1608-ல் ஷ்வேடகோன் பகோடாவின் தம்மசேதி மணி மீது கண் வைத்தார். எடை 300 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு என்பது ஐதீகம். சாமி மணியை உருக்கிப் பீரங்கி வார்க்கலாம் என்று யோசனை. மணியைக் குன்றிலிருந்து உருட்டி, யானை பூட்டி இழுத்து, தெப்பத்தில் ஏற்றித் தன் கப்பலோடு கட்டினார். ஆறு நடுவில் எல்லாவற்றையும் விழுங்கி ஏப்பம் விட்டது. 1613-ல் பர்மிய மன்னர் அனௌக்பெட்லுன் சிரியம் கோட்டையைப் பிடித்து அவரைக் கழுவிலேற்றினார்.

நம் கோயில் எழுந்தது 1750 வாக்கில். அப்படியானால் டி பிரிட்டோ கழுவேறி 137 வருஷம் கழித்து வந்து செங்கல் அடுக்கினார் என்றாகிறது. உயிரோடு இருந்தவரை இடித்ததும் எடுத்ததுமாகவே இருந்த மனுஷனுக்குச் செத்த பிறகா கட்டிட ஆசை வரும்?

உண்மையில் கட்டியவர் பாவ்லோ நெரினி என்ற இத்தாலியர், பர்னபைட் சபைப் பாதிரியார். பணம் ஆர்மேனிய வியாபாரி ஒருவருடையது என்பார்கள். துறைமுகத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டிலும் கடையிலும் பேசியது போர்த்துக்கீசியம். அதனால் இத்தாலியர் வேலைக்குப் போர்த்துக்கீசியர் பெயர் விழுந்தது.

அந்தக் கோயிலும் கொடுத்து வைக்கவில்லை. 1755-ல் யாங்கோனுக்குப் பெயர் வைத்த பர்மிய மன்னர் அலௌங்பயா, 1756 ஜூலையில் சிரியத்தைப் பிடித்தார். ஊருக்குள் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியிலிருந்து உதவி வருமென்று வழி மேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள். பீரங்கி, துப்பாக்கி சகிதம் 'கலத்தே' கப்பல் வந்தே விட்டது, ஊர் விழுந்து இரண்டு நாள் கழித்து. கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கையில் வந்த மொய்க்காரரை யாராவது விடுவார்களா? சிறைப்பட்ட பிரெஞ்சுத் தலைவரை வைத்தே கடிதம் எழுதவைத்துக் கப்பலை ஆற்றுக்குள் வரவழைத்தார் அலௌங்பயா. சரக்கு அவருக்கு, மாலுமிகள் அவருடைய பீரங்கிப் படைக்கு. அதே வருஷம் நெரினி பாதிரியாரும் கொல்லப்பட்டார். வியாபாரம் யாங்கோனுக்கு நகர்ந்தது, சிரியம் படுத்தது.

கட்டியவர் உயிரையும் கொடுத்தார், பெயரையும் இழந்தார். மணி திருடியவருக்கோ, போடாத செங்கலுக்கும் புகழ். சரித்திரத்துக்கு எப்போதும் யோக்கியனைவிடப் போக்கிரியைத்தான் பிடிக்கிறது. தன்லின் போகிறவர்கள் நெரினி பெயரை வழிகாட்டியிடம் ஒரு தடவையாவது சொல்லிவிட்டு வாருங்கள்.