ஓசூர் மூக்கும் சிங்கிள் மால்ட்டும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்ல ஸ்காட்லாந்துக்காரருக்கே தகுதி உண்டு என்னும் கொள்கையை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டதோடு சரி. கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் போன்ற 12 வருடச் சரக்குகள்தான் மால்ட் வரிசையின் முதல் படி. அந்தப் படியில் நிற்பவனிடமும் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக் என்று தான் பார்த்திராத பொருட்களின் வாசனையைக் கேட்கிறார்கள். இவ்வகை மால்ட்டை எடைபோடத் தகுந்த மூக்கு, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட ஐம்பது கிலோமீட்டரில் வளர்ந்த மூக்கே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்சான்று கேழ்வரகு. சட்டப்படி சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்தது. ஊறவைத்து, துணியில் கட்டி, முளை வந்ததும் உலர்த்தி அரைப்பதைக் கைக்குழந்தை உள்ள எந்தக் கிருஷ்ணகிரி வீட்டிலும் காணலாம், தானியம்தான் வேறு. ஆகவே மால்ட் வாசனை இவ்வூராருக்குப் பல் முளைக்கும் முன்பே பாடம். இரண்டாவது ரோஜா. ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாகும் ஃபீனைல் எத்தனால்தான் ரோஜாவின் மணத்திலும் இருக்கிறது. பாகலூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பிப்ரவரிக் காதலர் தினத்துக்கு முன் பூ கட்டுகிறவர்களுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூன்றாவதே முக்கியமானது: தின்னர். வடிக்கும்போது முதலில் இறங்கும் பகுதியில் எத்தில் அசிட்டேட் மிகுந்திருக்கும். அதைச் சரியான இடத்தில் வெட்டி ஒதுக்காவிட்டால் கிளாஸில் பெயின்ட் ஷாப் மணக்கும். லாரியும் இருசக்கர வண்டியும் செய்யும் ஊரில் இந்தக் குறையை மறைக்க முடியுமா? எடின்பரோ நிபுணர் ‘துடிப்பான இளமை’ என்று நாசூக்காக எழுதுவதை, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் ‘தின்னர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

பெயின்ட் ஷாப்பில் நாள்தோறும் நிற்பவரின் மூக்கு மரத்துப்போகாதா என்று கேட்கலாம். போகும், அதனால்தான் அவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுவராக அழைக்கப் பரிந்துரைக்கிறோம். டாஸ்மாக்கில் குவார்ட்டரை வாங்கி, தண்ணீர் கலந்து ஒரே மூச்சில் இறக்குகிறவருக்கு மூக்கு எதற்கு என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆனால் நம்மூரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வந்த ஸ்பிரிட். முகர்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் முகராமல் விழுங்குவது அறியாமை ஆகாது, நேரச் சிக்கனம். 150 சதவீத இறக்குமதி வரி சுமந்து வந்த புட்டியை அதே ஆள் அப்படி விழுங்கமாட்டார். கொடுத்த காசுக்கு மூடியையும் முகர்வார். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி அந்த வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் இறங்க வேண்டும். விலை இறங்க இறங்க மூக்கின் கூர்மையும் இறங்கும் என்று அஞ்சுகிறோம். இதற்குத் தனி ஆய்வு தேவை. புட்டி வழங்குவோர் முன்வரலாம்.

தீராத சிக்கல் மாம்பழம். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே பெங்களூரின் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் உள்ளூரில் அல்ல, கிளாஸ்கோவில்தான் முதலில் இறக்கியது. அந்த வெப்பத்தில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிப் போவதால் சரக்கு சீக்கிரம் பழுக்கிறது. அப்படிப் பழுத்ததில் மாங்கூழ் வாசம் வந்தால் அது யாருடையது? கூழ் ஆலைகள் கிருஷ்ணகிரியில். அங்கே அரைபடும் காய்க்குப் பெயரோ பெங்களூரா. நடுவர் மன்றம் கேட்கலாம்தான். ஆனால் 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்ல 2007 ஆயிற்று. 12 வருட மால்ட் ஒன்றை அன்றே பீப்பாயில் ஊற்றியிருந்தால், தீர்ப்புக்கு ஐந்து வருடம் முன்பே குடித்து முடித்திருக்கலாம்.