ஒரே எதிரொலி, நாலு சட்டை

ஓர் எதிரொலியை எத்தனை விதமாக விற்கலாம்? இசை மென்பொருள்காரர்கள் இதில் ஜவுளிக்கடைகளை மிஞ்சிவிட்டார்கள். 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற பிளகின் (செருகுநிரல்) வடிவத்தைத் தந்தது. எல்லாரும் அதையே வைத்துக்கொண்டிருந்தால் உலகம் சப்பென்று போயிருக்கும். நல்லவேளை, ஆப்பிளின் இசை மென்பொருள் லாஜிக் ப்ரோ, வெளியார் பிளகின் என்றால் ஏயூ சட்டை போட்டதை மட்டுமே வாசற்படி ஏற்றும். ப்ரோ டூல்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்கு ஏஏஎக்ஸ்தான் வேண்டும். அதிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும். சம்பந்தி வீட்டு ஆசாரம்!

2008-இல் விஎஸ்டி3 வந்தது. விஎஸ்டி2 இடத்தைக் காலி செய்வதாயில்லை. பத்து வருடம் பொறுத்துப் பார்த்த ஸ்டைன்பெர்க், 2018-இல் அதன் நிரலாக்கத் தொகுப்பை வழங்குவதையே நிறுத்திவிட்டது. பழைய பாட்டைத் திறந்தால் பாதி வாத்தியத்தைக் காணோமா? குறையாக நினைக்காதீர்கள், அது பற்றறுக்கும் பயிற்சி. 2022-இல் கிளாப் என்ற புது வடிவம் திறந்த உரிமத்தோடு வந்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாமாம். மானம் மரியாதை வேண்டாமா?

நாலு சட்டையிலும் அதே எதிரொலியை நிறுவி முடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். அபாரமான எதிரொலி. வெளியே வந்ததும், "என்ன வடிவம் சார்?" என்றேன்.

"டைல்ஸ்" என்றார்.